பொறிவண்டுகளுக்காக மூட்டிய அடுப்பு

கிரிதரன் மாமா, அவரைச் செடியில் விழுகிற பேனைத் தன் வீட்டில் வளர்த்து, யாரும் பார்க்காத நேரத்தில் அடுத்தவர் தோட்டத்தில் கொண்டுபோய் விடுகிறாராம். பிறகு அந்தப் பேனைத் தின்கிற வண்டையும் அவரே கொண்டுவந்து கொடுக்கிறாராம். போன வாரம் மஸ்கட்டில் என் காதுக்கு வந்த பேச்சு இது.

சொன்னவன் ராஜேஷ்குமார். திருநகர்க்காரன், என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவன் எதையும் கண்ணால் கண்டதில்லை. அவனுடைய அக்கா போனில் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்குச் சொன்னது கப்பலூர்ப் பக்கமிருந்து வருகிற பால்காரர்.

“கோவிச்சுக்காத மாப்ள, காதுல விழுந்ததச் சொல்றேன். உங்க மாமா பேனுக்கு அடுப்பு மூட்டிக் குளிர்காய வைக்கிறாராமே.”

“பேனுக்கு இல்லடா. வண்டுக்கு.”

“அப்ப மூட்டுனது நெசந்தானா?”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பேச்சால் மாமாவின் பெயர் கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பால்காரருடைய ஊரில் சுருளி என்று ஒருவர் இருக்கிறார். மாமாவின் வண்டுகளை நம்பித் தன் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காமல் இருக்கிறார். அவருடைய நம்பிக்கை போய்விட்டால் மருந்து மிஷினை மறுபடியும் முதுகில் மாட்டுவார். மாட்டினால் அவர் உடம்பு தாங்காது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் செய்யத் தெரிந்தது, நான் பார்த்ததையும் கேட்டதையும் ஒழுங்காக எழுதிவைப்பது ஒன்றுதான். இரண்டு மொழியில் படிக்க வைத்தார்கள். பதறும்போது எழுத வருவது தமிழில்தான்.

மாமா என் அம்மாவின் தம்பி. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே அவருக்கும் அவர் அண்ணனுக்கும் சேர்த்து ஒரு சாயப்பட்டறை இருந்தது. அண்ணன் கடைக்காரர்களோடு பேசுவார், மாமா தொட்டியோடு இருப்பார். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று எந்த நிறம் கேட்டாலும், கேட்ட நாளில் நூல் போய்ச் சேரும். அந்த நாள் தவறாமைதான் அவருக்குப் பெருமை. அவசர நூல் என்றால் தொட்டிக்கு அடியில் இன்னொரு விறகைத் தள்ளுவார். சூடு கூடினால் சாயம் சீக்கிரம் பிடிக்கும். மழைக்காலத்தில் நனைந்த நூலை உலர்த்த வெயில் இருக்காது. அதற்கென்று ஓர் அறை வைத்திருந்தார்கள். நடுவில் கரியடுப்பு, மேலே மூங்கில் கம்புகள், கம்புகளில் வரிசையாக நூல். ஜன்னல் இடுக்குகளைச் சாக்கால் அடைத்துக் கதவைச் சாத்திவிட்டால், வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் காலையில் நூல் மொரமொரவென்று காய்ந்திருக்கும். அந்தத் தெருவில் சாயம் போட்ட எல்லா வீடுகளிலும் இப்படி ஓர் அறை உண்டு. அவசரத்துக்குச் சூடு காட்டுவது மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்து கையில் ஊறிய பழக்கம்.

அந்தப் பட்டறையில் நூல் அலசும் வேலைக்கு இருந்தவர்தான் சுருளி. அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். சுருளி பல வருஷம் நூல் அலசி, கப்பலூரைத் தாண்டி மேற்கே பிரிகிற மண்பாதையில் கிணற்றோடு ஒரு துண்டு நிலம் வாங்கினார். அவர்கள் குடும்பத்தில் சொந்தப் பெயரில் நிலம் எழுதியது அதுதான் முதல் தடவை. வேலையை விட்டு நின்ற அன்று மாமாவுக்கு ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இனி நான் ஒங்ககிட்ட லீவு கேக்க வேண்டியதில்லண்ணே” என்றாராம். அதை மாமா எங்களிடம் சொல்லும்போதெல்லாம் அவருக்கே நிலம் கிடைத்த மாதிரி இருக்கும்.

சுருளியும் அவர் மனைவி செல்லக்கிளியும் தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு அவரைப் பந்தல் போட்டார்கள். அவரை, கார்த்திகையில் பூக்கத் தொடங்கி தை மாசி வரை காய்க்கும். அந்தக் குளிரில்தான் பேனும் வரும். புத்தகத்தில் அசுவினி என்பார்கள். கடுகில் பாதி இருக்கும் கறுப்புப் பூச்சி. கொழுந்திலும் பூங்கொத்திலும் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். இலை சுருண்டுபோகும், பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும், செடி முழுக்கப் பிசுபிசுப்பு, அதைத் தேடி எறும்பு.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழியில் சுருளி எல்லாரையும் போல மருந்து அடித்தார். சட்டை இல்லை, தலையில் துண்டு மட்டும். காற்று முகத்துக்கு நேரே இருந்தது. கடைசி வரிசையில் விழுந்துவிட்டார். செல்லக்கிளி செங்கல் லாரி ஒன்றை மறித்து அவரை மதுரைக்குக் கொண்டுவந்தாள். டவுனில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் மாமா. ஆஸ்பத்திரியில் வாயில் நுரையோடு கிடந்தவருக்குப் பக்கத்தில், நினைவு திரும்புகிற வரைக்கும் மாமா உட்கார்ந்திருந்தார். அனுப்பும்போது டாக்டர் சொன்னது இதுதான்: இனி மருந்தை இவர் தொடக்கூடாது, அதன் வாடைகூட ஆகாது, இன்னொரு தடவை வந்தால் காப்பாற்ற முடியாது.

வேறு ஆளை வைத்து அடிக்கலாம் என்றால், வீடே தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. மருந்து வாடை அடுப்படி வரைக்கும் வரும். வேப்பெண்ணெய் கரைத்து அடித்துப் பார்த்தார்கள். சுருண்ட இலைக்குள் இருந்த பேன் தப்பித்து மறுபடி பெருகியது. அவரையை விட்டுவிட்டு வேறு போடலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். குளிர் மாசங்களில் வீட்டு அடுப்பு எரிவது அவரையால்தான் என்று செல்லக்கிளி சொன்னாள். 

அந்த வருஷமே அண்ணனும் தம்பியும் பட்டறையைப் பிரித்துக்கொண்டார்கள். தொட்டிகள் அண்ணனுக்கு, உலர்த்தும் அறையும் பழைய வீடும் மாமாவுக்கு. அடுத்து என்ன செய்வதென்று மாமா யோசித்துக்கொண்டிருந்த நாளில், பூச்சியைத் தின்னும் பூச்சிகளை வளர்க்கக் கற்றுத்தரும் ஒரு பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். திரும்பி வரும்போது கையில் ஒரு டப்பா நிறையப் பொறிவண்டு. சிவப்பு முதுகில் கறுப்புக் கோடும் புள்ளியுமாக இருக்கும். வளர்ந்த வண்டும் பேனைத் தின்னும், அதன் புழு இன்னும் வேகமாகத் தின்னும்.

எங்கள் வீடுகளில் பேசுவது சௌராஷ்டிரம். லலிதாம்பாள் அத்தை அந்த டப்பாவைப் பார்த்துச் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

“ஊருல பூச்சியைக் கொல்ல மருந்து தேடுறாங்க. எங்க வீட்டுக்காரரு பூச்சிக்குச் சோறு தேடுறாரு.”

“சுருளிக்குச் சொல்லிட்டேன் லலிதா.”

“என்னன்னு?”

“இனிமே அவன் மருந்து தொட வேண்டாம்னு.”

மறுநாளே அத்தை விளக்குமாற்றோடு உலர்த்தும் அறைக்குப் போனாள். அறையைக் கூட்டி, சுண்ணாம்பு அடித்து, மூங்கில்களை இறக்கிவைத்ததில் பாதி வேலை அவளுடையதுதான்.

முதல் வருஷம் கொஞ்சம் வண்டுதான் தேறியது. அந்த வருஷம் பேனும் குறைவாக இருந்ததால் சுருளி தப்பித்தார். இரண்டாம் வருஷம், அதாவது போன மார்கழியில், நான் லீவில் மதுரையில் இருந்தேன். அறைக்குள் தட்டைப்பயறுச் செடிகள் வளர்ந்த மண்சட்டிகள் வரிசையாக இருந்தன. தண்டெல்லாம் கறுப்பாகப் பேன். வண்டுக்குத் தீனி வேண்டுமானால் முதலில் பேனை வளர்க்கத்தான் வேண்டும். மெல்லிய துணி போர்த்திய தட்டுகளில் பொறிவண்டுப் புழுக்கள் இருந்தன. சின்ன முதலை மாதிரி ஒரு உருவம்.

“இதுல ஆம்பளையே கிடையாது, பாத்துக்க” என்று மாமா ஒரு தண்டைக் காட்டினார். “எல்லாம் பொம்பளை. முட்டை போடாது, குட்டியா போடும். அந்தக் குட்டி வயித்துக்குள்ள அதோட குட்டி ரெடியா இருக்கும்.”

“அப்ப ஒண்ணே ஒண்ணு தப்பிச்சாலும் போதுமே மாமா.”

“குளிரா இருந்தாப் போதும், மூடாக்கு வானமா இருந்தா இன்னும் நல்லது. மார்கழி இதுகளுக்குப் பிரசவ மாசம். சித்திரையில வந்து தேடு, கண்ணுல படாது.”

வாசலிலிருந்து அத்தை, “சொந்தப் பொண்ணு பிரசவத்துக்கு இவரு ஒரு நாள் ஆஸ்பத்திரில உக்காரல” என்றாள். மாமா கேட்காத மாதிரித் தண்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் என்னை டி.வி.எஸ். ஐம்பதில் ஏற்றிக்கொண்டு சுருளியின் தோட்டத்துக்குப் போனார். அவரைப் பந்தலில் ஊதாப் பூக்கள் நிறைய இருந்தன. நடுநடுவே சில கொத்துகள் கரி பூசிய மாதிரி. செல்லக்கிளி பேன் விழுந்த கொழுந்துகளைக் கிள்ளி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். சுருளி மெலிந்திருந்தார். பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

“தம்பி எப்ப வந்துச்சு?” என்று என்னைக் கேட்டுவிட்டு மாமாவிடம் திரும்பினார். “அண்ணே, இது இந்த வருஷம் நிக்காது போலருக்கு. நேத்து கிள்ளுன எடத்துல இன்னைக்கு இம்புட்டு இருக்கு.”

“மார்கழி முடியறதுக்குள்ள வண்டு வந்துரும் சுருளி.”

“நீங்க சொன்னா சரி.”

அப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் உக்கிரபாண்டி வரப்பில் வந்து நின்றார். குரலைத் தணிக்காமல் பேசுகிற மனிதர்.

“ஏப்பா சுருளி, நீ பாட்டுக்கு வண்டு வரும் வண்டு வரும்னு ஒக்காந்துருக்க. ஒன் தோட்டத்துல எடம் பத்தாம இதுகளுக்கு இறக்கை மொளைச்சு என் தோட்டத்துக்குப் பறந்து வருது. நான் மருந்தடிக்க, நீ அனுப்ப, நல்லாருக்கே ஞாயம்.”

“அவருக்கு ஆகாதுன்னு தெரியும்ல மாமா” என்று செல்லக்கிளி உக்கிரபாண்டியைக் கேட்டாள்.

“தெரியும் தாயி. அதுக்குத்தான் நானே வந்து அடிச்சுவுடுறேங்கிறேன். ஒங்க ரெண்டு பேரையும் நாலு நாளு ஒங்க அம்மா ஊருக்குப் போகச் சொல்றேன்.”

“நாலு நாளு கழிச்சு வந்து காய் பறிக்கிறது யாரு? மறுபடி அடிச்சா மறுபடி போகணுமா?”

உக்கிரபாண்டி மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரப்பில் திரும்பி நடந்தார். கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. கூட்டம் மிஞ்சினால் பேனுக்கு இறக்கை வருவது நிஜம்தான். 

அறையில் புழுக்கள் வளர்ந்துகொண்டுதான் இருந்தன, மெதுவாக. பேனுக்கு ஏற்ற குளிர் வண்டுக்கு ஏற்றதாக இல்லை. பேன் ஒரு தலைமுறை பெருகி அடுத்ததும் பெருகத் தொடங்குகிற நேரத்தில், புழு இன்னும் ஒரு தோலைக்கூட உரிக்காமல் இருந்தது. மார்கழி முடிவதற்குள் அது கூடு கட்டி, வண்டாகி வெளியே வருமா என்று மாமா தினமும் தட்டுகளைத் தூக்கிப் பார்த்தார். சொன்ன நாள் தவறிவிடும் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

ஒரு காலையில் நான் போனபோது ஜன்னல் இடுக்குகளில் சாக்கு அடைத்திருந்தது. நடுவில் பழைய கரியடுப்பு, கனிந்த கரி. சாயத்தொட்டிக்கு வைத்திருந்த நீளமான வெப்பமானி சுவரில் தொங்கியது.

“கொஞ்சம் சூடு காட்டினா சீக்கிரம் ஆகும்” என்றார்.

ஆனது. அதுதான் வினை. அடுத்த சில நாளில் புழுக்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெருத்தன. முன்னைவிட இரண்டு மடங்கு தின்றன. மாமாவின் முகம் தெளிந்தது. அத்தைகூட, “நூலுக்குப் போட்ட அடுப்பு பூச்சிக்கும் ஆகுது, பரவால்ல” என்றாள். புழுக்கள் அதிகம் தின்பதால் வெளியே திண்டில் இருந்த பேன் சட்டிகளையும் மாமா உள்ளே கொண்டுவந்து தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். புழுவுக்கு எது நல்லதோ அது பேனுக்கும் நல்லது என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. சட்டிகளைத் தூக்கிக் கொடுத்தது நான்தான்.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போவது அந்த வீட்டு வழக்கம். மாமா அதைத் தவறவிட்டதே இல்லை. இந்தத் தடவை நானும் கூடப் போனேன். போவதற்கு முன் புழுத் தட்டுகளில் பேன் நிறைந்த செடிகளை அடுக்கினார். தின்றது போக மீதிப் பேன் குட்டி போட்டு ஈடு கட்டும் என்பது அவர் போட்ட கணக்கு. குளிர் நாளில் அந்தக் கணக்கு ஒரு தடவையும் பொய்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவரும் சாயக்காரர்தான். அன்று இரவு தூறல் போட்டிருக்கிறது. தூறலென்றால் ஒரு கூடை கரி கூட வைப்பது அந்தத் தெருவில் யாரும் சொல்லாமலே செய்கிற காரியம். அவரும் செய்துவிட்டார்.

சொர்க்கவாசல் பார்த்துவிட்டுத் திரும்பிய மதியம், செருப்பைக் கழற்றியதும் மாமா நேரே அறைக்குத்தான் போனார். கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. வெப்பமானி முப்பத்தைந்தைத் தாண்டி நின்றது. செடிகள் பசுமையாகவே இருந்தன, தண்டுகள்தான் வெறுமையாக இருந்தன. உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்கள் மட்டும் தவிடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு பேன் சுருங்கிப்போய்க் கிடந்தது. குட்டி என்று ஒன்றுகூட இல்லை.

தட்டில் புழுக்கள் குறைந்திருந்தன. முதலில் எனக்குப் புரியவில்லை. மாமா துணியை விலக்கிக் காட்டினார். ஒரு பெரிய புழு இன்னொன்றின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாதி தின்ற கூடுகள்.

“பசிச்சிருக்கு” என்றார் மாமா. “ஒண்ணையொண்ணு தின்னுருக்கு.”

அத்தை கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள். நாங்கள் சட்டிகளை உள்ளே கொண்டுபோவதற்கு முன்பே, துணி வைக்க இடம் வேண்டுமென்று திண்டிலிருந்த ஒரே ஒரு சட்டியை அவள் தூக்கிக் கிணற்றடி நிழலில் வைத்திருக்கிறாள். அது உள்ளே போகாமல் வெளியேயே இருந்துவிட்டது. அதில் தண்டு தெரியவில்லை. கொழுந்திலிருந்து அடிவரைக்கும் பேன், அம்மாக்களும் குட்டிகளுமாக, ஒன்றின்மேல் ஒன்று. வெளியே மார்கழிக் குளிர், உள்ளே அடுப்புச் சூடு. செடியும் மண்ணும் விதையும் ஒன்றுதான். மாமா அந்தச் சட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் குந்தியிருந்தார்.

“சூட்டுல வளத்தி வரும்னு நெனச்சேன்” என்றார். “புழுவுக்கு வந்துச்சு. அது திங்கிறதுக்குப் பேன் பெறக்கலையே.”

அத்தை அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, கரியை முற்றத்தில் கொட்டி, ஜன்னல் சாக்குகளைப் பிடுங்கினாள். “மிஞ்சினதை எடுத்துவைங்க” என்று மட்டும் சொன்னாள். தட்டுகளின் அடியில் கூடாகித் தப்பியவை கொஞ்சம் இருந்தன. அவ்வளவுதான் அந்த மார்கழியின் விளைச்சல்.

மறுநாள் காலை சுருளியிடம் சொல்லப் போனோம். மாமா சுற்றி வளைக்கவில்லை.

“என் தப்புப்பா. அவசரப்பட்டுச் சூடு காட்டிட்டேன். எல்லாம் போச்சு. மறுபடி முதல்லேருந்து வளக்கணும்.”

சுருளி கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். 

“ஒங்க பட்டறையில சாயம் திட்டுத்திட்டா வந்தா என்னைய வைவீங்களே, ஞாபகமிருக்காண்ணே?”

“இருக்கு. நீ இப்ப என்னைய வையி.”

“எப்படிண்ணே வையிறது” என்றார் சுருளி. “எம்புட்டு நாளாகும்?”

“தைப்பூசம். அடுப்புப் பக்கமே போகமாட்டேன். அதுபாட்டுக்கு வளரட்டும்.”

“அதுவரைக்கும் செடி நிக்குமா?” இதைக் கேட்டது செல்லக்கிளி. பதிலையும் அவளே சொன்னாள். “நான் தெனம் கிள்ளுறேன். கிள்ளுனதக் குப்பையில போடாம ஒங்களுக்கு வச்சுருக்கேன். ஒங்க வண்டுக்குத் தீனியாச்சுல்ல.”

“அது போதும் தாயி.”

நாங்கள் கிளம்பும்போது அவள் மண்பாதை வரைக்கும் கூடவே வந்தாள். “அண்ணே, பூசத்துக்கு மேல இவரு கேக்கமாட்டாரு” என்றாள் தணிந்த குரலில். “ஊர்ல எல்லாரும் இவரைத்தான் பேசுறாய்ங்க. ஒன்னால எங்க தோட்டம் போச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாய்ங்க. மானஸ்தன். ஒருநா பட்டுன்னு மிஷினைத் தூக்கிருவாரு. நான் அடிக்கிறேன்னு சொன்னா விடமாட்டாரு.”

ஜனவரி முதல் வாரம் நான் மஸ்கட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பிறகு நடந்ததெல்லாம் போனில் கேட்டது. மாமா தினமும் காலையில் அந்த ஊருக்குப் போய், செல்லக்கிளி கிள்ளி வைத்த கொழுந்துகளைக் கூடையில் வாங்கி, ஈரத்துணி போர்த்தி வண்டியில் கட்டிக்கொண்டு வருவார். தப்பிய வண்டுகள் மஞ்சள் முட்டை வைத்தன. முட்டை புழுவானது. அறை குளிர்ந்தே கிடந்தது. “விடியக்காலம் போய் அடுப்பைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு” என்று அத்தை ஒரு தடவை சொன்னாள். “மூட்டணும்னு கை பரபரங்குது. மூட்டல.”

வதந்தி எங்கே பிறந்தது என்று இப்போது யாருக்கும் புரியும். டவுனிலிருந்து ஒரு ஆள் தினமும் வருகிறார். அவருடைய கூடை நிறையப் பேன். அது போகிற கூடையா வருகிற கூடையா என்று தூரத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. அவர் வீட்டில் பேன் வளர்கிறது என்பதும் உண்மை, அவர் வண்டு தருகிறார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தவர் யாரோ, சுலபமாகச் சேர்த்துவிட்டார். ராஜேஷ்குமாரிடம் இதையெல்லாம் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “எனக்குப் புரியுது மாப்ள. அந்தச் சுருளிக்குப் புரியணுமே” என்றான்.

இதை எழுதத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. சுருளிக்கு ஆறுதலாக ஏதாவது சேதி வரும், அதோடு முடித்துவிடலாம் என்று இருந்தேன். புதன்கிழமை மாமாவே பேசினார். கூடுகள் வெடிக்கத் தொடங்கிவிட்டன, வண்டுகள் வெளியே வருகின்றன, முதுகு நிறம் ஏறினதும் டப்பாக்களில் எடுத்துக்கொண்டு போவேன், பூசத்துக்கு முன்னாலேயே போய்விடும் என்றார். குரலில் சின்னதாக ஒரு பெருமைகூட இருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை, இங்கே விடுமுறை. காலையில் வழக்கம்போல வீட்டுக்குப் போன் செய்தேன். அத்தை எடுத்தாள். 

நேற்று சாயங்காலம் செல்லக்கிளி போனில் பேசியிருக்கிறாள். பேனைப் பெருக்குவது சாயக்காரர்தான், அதற்கு இடம் கொடுப்பது சுருளிதான் என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுருளி அங்கிருந்து எழுந்துபோய் மருந்து வாங்கி வந்துவிட்டார். “காலையில நானே அடிக்கிறேன். எவனும் எனக்காக அடிக்க வேணாம்” என்றாராம். உக்கிரபாண்டியே வந்து தடுத்தும் கேட்கவில்லை. “அண்ணன வரச்சொல்லுங்கம்மா, அவரு சொன்னா மட்டுந்தான் கேப்பாரு” என்று செல்லக்கிளி அழுதிருக்கிறாள்.

“மாமா எப்பக் கிளம்புனாரு?”

“விடியறதுக்கு முன்னாடியே. வண்டு டப்பாவெல்லாம் வண்டியில கட்டிக்கிட்டுப் போனாரு. போனதும் கடையிலேருந்து பேசுறேன்னாரு.”

“இன்னும் பேசலையா?”

“இல்லப்பா.”

மதுரையில் அப்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும். வழியில் வண்டி நின்றிருக்கலாம். அவர் போய்ச் சேர்ந்து, இரண்டு பேரும் சேர்ந்து வண்டுகளைப் பந்தலில் விட்டுக்கொண்டிருக்கலாம். அந்த வேலையில் போன் செய்ய மறந்திருக்கலாம். மாமா மறக்கக்கூடியவர்தான். இவற்றில் எது என்று அத்தைக்கும் தெரியவில்லை.

அந்த ஊரில் போன் இருக்கிற ஒரே இடம் அன்னக்கொடி என்கிற ஓர் அம்மாளின் பெட்டிக்கடை. காலையிலிருந்து ராத்திரிவரை அவர் கடையை விட்டு நகரமாட்டார். சுருளியின் தோட்டம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அத்தை நம்பரைச் சொல்ல எழுதிக்கொண்டேன். உடனே கிடைக்கவில்லை, லைன் பிஸி என்றே வந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். இப்போது லைன் கிடைத்துவிட்டது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு இந்த வரிகளை எழுதுகிறேன்.

அங்கே மணி அடிக்கிறது. அன்னக்கொடி எடுக்கவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர் எங்கே போயிருப்பார் என்று யோசிக்க எனக்குத் தைரியமில்லை. மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.